உம்டோனியும் ஊசியும்

நொம்புசோ சுங்கு இதயத்தைக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டுத் துடிக்க வைப்பவள். அப்படித்தான் அவள் அண்ணன் பெகானி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்பவர்கள் மாந்திரீகமோ என்று மிரள்வார்கள். "எலியோட இதயம்யா" என்று பிறகு சேர்த்துச் சொல்வான். ஆனால் கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்வான். அந்த மிரட்சியைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு குஷி.

பெகானி தென்னாப்பிரிக்காவில் குவாமாஷுவுக்கும் டர்பன் நகரத்துக்கும் நடுவே டாக்ஸி வேன் ஓட்டுகிறவன். நொம்புசோ குன்றின் மேல் இருக்கும் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் விரிவுரையாளர். இருவரும் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் புளித்த பாலும் சோளக் களியும் தின்று வளர்ந்தவர்கள். அவர்களுடைய அப்பா துறைமுகத்துச் சர்க்கரைக் கிடங்கில் மூட்டை ஏற்றியவர். சர்க்கரை நோயிலேயே போய்ச் சேர்ந்தார். அதே நோய்க்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெகானி அதை வைத்து வேடிக்கை பேசுவான், நொம்புசோவால் முடியாது. ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சர்க்கரை கட்டுப்பாட்டில்தானே இருந்தது" என்று மருத்துவர் கைவிரித்தார். கட்டுப்பாட்டில் இருந்தால் இதயம் ஏன் நின்றது? பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றுகொண்டிருந்த நொம்புசோவுக்கு அந்தக் கேள்வி தைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் அந்தக் கேள்வியைத்தான்.

ஆற்றங்கரைகளில் வளரும் உம்டோனி மரத்தை டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் மாகாணத்தில் தெரியாதவர்கள் இல்லை. அதன் பழத்தைத் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும். இலையையும் பட்டையையும் வயிற்றுக்கும் சர்க்கரைக்கும் கொதிக்க வைத்துக் குடிப்பது வழக்கம். அதன் இலையிலிருந்து நொம்புசோ ஒரு வெள்ளைத் தூளைப் பிரித்தெடுத்திருந்தாள். ஆய்வகத்தில் அவளுக்குத் துணை ரூபன் பிள்ளை. கட்டைவிரல் நகம் அளவுள்ள இதயத்தைக் கை நடுங்காமல் குழாயில் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"எங்க ஆளுங்க நாவக்கொட்டைய இடிச்சுத் தின்னு, சர்க்கரைக்கு மருந்துன்னு கப்பல் ஏறுன காலத்துலருந்து சொல்றாங்க" என்றான் அவன் முதல் நாளே. "உங்க உம்டோனி அதுக்குப் பங்காளி மரம். எங்கம்மாகிட்ட கேட்டிருந்தா ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது."

"உங்கம்மா சொல்றது இருக்கட்டும். இதயம் என்ன சொல்லுதுன்னு பாப்போம், கட்டு."

இதயம் சொன்னதுதான் அவர்கள் எதிர்பார்க்காதது. சர்க்கரை நோய் வந்த எலிகளுக்கு இன்சுலின் மட்டும் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. ஆனால் அந்த இதயத்தைக் குழாயில் மாட்டி, அதற்குள் பாயும் சத்து நீரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப விட்டால், அது தள்ளாடித்தான் எழுந்தது. உம்டோனித் தூள் மட்டும் கொடுத்த எலிகளில் சர்க்கரை சரியாக இறங்கவே இல்லை, இதயமும் அரைகுறை. தனித்தனியாக இரண்டையும் பார்த்துச் சலித்துப் போயிருந்த சமயத்தில்தான், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், இன்சுலினையும் பாதியாகக் குறைக்கலாம் என்று நொம்புசோ சொன்னாள்.

எந்த எலிக்கு எது கொடுத்தது என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. ஆசை கண்ணை மறைத்துவிடும் என்று அவளே போட்ட விதி. அடையாளக் குறிகளை ரூபன்தான் வைத்திருந்தான்.

அன்று காலையில் மாட்டிய இதயங்கள் வழக்கம்போல்தான் இருந்தன. மூன்றாவதாகக் கட்டிய இதயத்துக்கு நீரை நிறுத்தினார்கள். அது வெளுத்தது, மெதுவானது, நின்றது. திரும்ப நீரைத் திறந்தார்கள். ஒரு நடுக்கம். பிறகு இன்னொன்று. அதற்குப் பின் யாரோ தட்டி எழுப்பியது போல அது சிவந்து, உப்பி, ஓங்கித் துடிக்க ஆரம்பித்தது. திரையில் கோடுகள் எழும்பி எழும்பி விழுந்தன.

"இது நோயில்லாத எலிதானே?" என்றாள் நொம்புசோ. "ஆரோக்கியமானத எதுக்கு நடுவுல சொருகுன?"

ரூபன் அடுத்த இதயத்தைக் கட்டினான். அதுவும் அப்படியே எழுந்தது. அதற்கடுத்ததும். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"ரூபன்?"

"எல்லாம் சர்க்கரை எலிங்கதான்" என்றான் அவன். "பாதி இன்சுலின். கூட உங்க மரம்."

நொம்புசோ கையுறையைக் கழற்றினாள். ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே நகரமும் துறைமுகமும் கடலும் வெயிலில் கிடந்தன. அப்பா மூட்டை ஏற்றிய கிடங்கின் கூரைகூடத் தெரிந்தது. அவளுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, ஆட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் திரும்பி வந்து, "இன்னொரு தடவ முழுசா செய்யணும். வேற யாராவது குறி போடட்டும்" என்றாள்.

"தெரியும், இதத்தான் சொல்லுவீங்கன்னு" என்று ரூபன் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுபடி செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நிபுணர் சந்தேகப்பட்டதால் அவர் கண்முன்னே மூன்றாம் முறையும் செய்தார்கள். அன்று பார்த்து மின்சாரம் போய், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவில் இதயங்கள் துடித்தன. நிபுணர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, முதலில் ரூபன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நொம்புசோவின் கையை. ஆய்வு பெரிய மருத்துவ இதழில் வெளியானது.

அதற்குப் பிறகுதான் வானொலிக்காரர்கள் வந்தார்கள்.

காலை நேர ஜூலு நிகழ்ச்சி. நொம்புசோ நிதானமாகத்தான் பேசினாள். இது எலிகளில் பார்த்தது, மனிதர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை, இன்சுலினோடு சேர்ந்தால்தான் பலன், தனியாக இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒலிபரப்பானபோது பேச்சில் பாதியைக் காணவில்லை. அறிவிப்பாளன் உற்சாகத்தில் குரலை உயர்த்தி, "உம்டோனி இருக்க ஊசி எதுக்கு? சர்க்கரைய ஜெயிச்சுட்டா நம்ம குவாமாஷு பொண்ணு!" என்று முடித்தான். நொம்புசோ அன்றே நிலையத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். திருத்தம் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை. அவள் இன்னொரு தரம் போன் செய்தாள். அந்த அறிவிப்பாளன் விடுமுறையில் போயிருந்தான்.

ஆனால் ஊர் அதற்குள் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. தேவாலயத்தில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெகானி தன் வேனின் பின்கண்ணாடியில் 'டாக்டரின் அண்ணன்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டிக்கொண்டான். டாக்ஸி நிலையத்தில் அவனை யாரும் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சுங்கு குலத்தின் புகழ்ப்பெயரைச் சொல்லி, "மன்சினி! எப்படியிருக்கா நம்ம டாக்டரு?" என்றுதான் விசாரித்தார்கள். அவன் நடையே மாறிவிட்டது என்று அவன் மனைவி ஜபுலிலே சிரித்தாள்.

அவள் சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை.

அவள் போன் செய்தபோது நொம்புசோ வகுப்பில் இருந்தாள். "நொம்புசோ, உங்கண்ணன் வாந்தி எடுத்துட்டே இருக்காரு. மூச்ச இழுத்து இழுத்து வாங்குறாரு. பேச்சு குழறுது. வாய்லேந்து என்னமோ அழுகுன பழ வாசன வருது."

அந்த வாசனையைப் பற்றிக் கேட்டதும் நொம்புசோவுக்குப் புரிந்துவிட்டது. இன்சுலின் இல்லாத உடம்பில்தான் அப்படி வாசனை வரும். கையில் இருந்த சுண்ணக்கட்டியை எங்கே வைத்தாள் என்றுகூடத் தெரியாமல் ஓடினாள்.

இரண்டு நாள் அவன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கட்டிலருகில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, கையில் குழாயோடு கிடந்தவன் அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

"ஊசிய எப்பண்ணே நிறுத்துன?"

"ரேடியோவுல உன் பேரு வந்த அன்னிக்கே."

"நான் அப்படியா சொன்னேன்? ஊசிய விட்டுடுங்கன்னு நான் சொன்னேனா?"

"நீ சொல்லல. அந்தப் பய சொன்னான்." அவன் வாயை நனைத்துக்கொண்டான். "பாலத்துச் சந்தையில மூலிகை விக்கிற மாகோசாகிட்ட பட்டை வாங்கிக் காய்ச்சிக் குடிச்சேன். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு."

"அறிவிருக்கா உனக்கு? இத்தன வருஷமா போட்டுட்டிருந்த ஊசிய எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம..."

"எப்படிக் கேப்பேன்?" என்றான் பெகானி. "ஸ்டாண்டுல அத்தன பேரும் என்னத்தான் பாக்குறான். 'மன்சினி, உன் தங்கச்சி மருந்து வேலை செய்யுதா?'ன்னு கேக்குறான். நானே ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊசி குத்திக்கிட்டிருந்தா என்ன நெனப்பான்? கூடப் பொறந்தவனே நம்பல, நாம எதுக்கு நம்பணும்னுதான நெனப்பான்? நான் நம்பலன்னா உன்ன யாரு நம்புவா நொம்புசோ?"

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் எங்கோ போய்விட்டன. சோம்பேறித்தனத்தாலோ ஊசி மீதுள்ள வெறுப்பாலோ அவன் நிறுத்தியிருந்தால் ஒரு பாட்டம் தீர்த்திருப்பாள். அவன் நிறுத்தியது அவளுக்காக.

"நீ செத்துப்போனாத்தான் எனக்கு மரியாதையாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவனுடைய இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். பெண் மருத்துவர், நொம்புசோவை அடையாளம் கண்டுகொண்டு, திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். ஆயிரக்கணக்கான எலி இதயங்களைப் பார்த்தவள், தன் அண்ணனுடைய இதயத்தை அன்றுதான் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் அது சுருங்கியது. சுருங்குவதில் குறையில்லை. விரிவதற்குத்தான் தயங்கியது. விறைத்துப்போன தோல்பை போலப் பாதி விரிந்து நின்றது. சர்க்கரை எலிகளிடம் அவள் பார்த்துப் பழகிய அதே தயக்கம். அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இது பல வருஷமா நடந்துட்டிருக்கு" என்றாள் மருத்துவர். "இன்சுலின் போட்டதாலதான் இந்த மட்டும் தாங்கியிருக்கு. இனிமே இந்த மாதிரி விளையாடக் கூடாது."

"விளையாட மாட்டாரு" என்றாள் நொம்புசோ. "நானும் விட மாட்டேன்."

அந்த வார்டிலேயே இன்னும் இரண்டு பேர் அதே கதையோடு கிடப்பது விசாரித்ததில் தெரிந்தது. ஒருவர் தையற்காரர், இன்னொருத்தி பள்ளிக்கூடச் சமையல்காரி. இருவரும் வானொலியைக் கேட்டவர்கள்.

மூலிகைச் சந்தைக்குப் போய்ப் பேசப்போவதாக ரூபனிடம் அவள் சொன்னபோது அவன் நெற்றியைச் சுருக்கினான். "நேரா சந்தைக்கே போறதா? யோசிங்க. நீங்களே போய் இல்லன்னு சொன்னா கண்டுபிடிப்பே பொய்யின்னு கிளப்பி விட்டுடுவானுங்க. மேல இருக்கறவங்களும் பத்திரிகையில ஒரு விளக்கம் கொடுத்தா போதும்னு சொல்றாங்க."

"பட்டை வாங்குறவங்க பத்திரிகை பாத்தா வாங்குறாங்க?" என்றாள் நொம்புசோ. "நான் இல்லன்னு சொல்லப் போகல ரூபன். பாதி வாக்கியம் வெளியில போயிடுச்சு. மிச்சத்த நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன்."

வார்விக் சந்தைக்கு மேலே, வண்டி ஓடாத பாலத்தின் மீதுதான் மூலிகைக்காரர்களின் கடைகள். மரப்பட்டையும் கிழங்கும் வேரும் கோணிகளில் குவிந்து கிடக்கும். கீழே டாக்ஸிகளின் ஹாரன் சத்தம் ஓயாது. சனிக்கிழமை மத்தியானம் நொம்புசோ அங்கே போனபோது பெகானியும் கூடவே வந்தான். வீட்டில் படுத்திரு என்றால் கேட்கவில்லை.

மாகோசாவின் கடையில்தான் கூட்டம். அறுபதைத் தாண்டிய, தோள் அகன்ற பெண். தலையில் சிவப்புத் துணி. உம்டோனிப் பட்டைக் குவியலுக்கு மேலே ஓர் அட்டையில் நொம்புசோவின் படத்தை ஒட்டி, 'டாக்டர் சுங்கு கண்டது' என்று எழுதி வைத்திருந்தாள். படத்துக்கு உரியவளே எதிரில் வந்து நிற்பதைப் பார்த்ததும் கைகளை விரித்தாள்.

"வாம்மா வா! ஏய், எல்லாரும் பாருங்கடி, நம்ம டாக்டரு! போட்டோல இருக்கறதவிட ஒல்லியா இருக்கியே, அந்த மலமேல சோறு போட மாட்டானுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ குலவையிட்டார்கள். நொம்புசோ அது அடங்கும்வரை பொறுத்தாள்.

"மா, என் படத்த எடுத்துடுங்க. இந்தப் பட்டையக் குடிச்சிட்டு ஊசிய விட்டவங்க ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க."

மாகோசாவின் முகம் இறுகியது. "என் கடையில வாங்கி எவனும் செத்ததில்ல. எங்கம்மா காலத்துலருந்து விக்கிறேன். இந்தா பாரு, படிச்சிட்டா எங்க மரம் எல்லாம் மட்டமாயிடுமா? இதுல ஒன்னுமே இல்லன்னு சொல்றியா?"

"மட்டம்னு நெனச்சிருந்தா பத்து வருஷமா அந்த மரத்து பின்னாடி நான் சுத்தியிருப்பேனா?" நொம்புசோவின் குரல் உயர்ந்தது. "அதுல இருக்கு மா. என் கண்ணால பாத்தேன். நின்னுபோன இதயம் அதால எழுந்துச்சு. வெளிநாட்டுக்காரன் வந்து என் முன்னாடி குனிஞ்சு பாத்துட்டுப் போனான், நம்ம ஆத்தங்கரை மரத்த! அதுல எனக்கு இருக்கற பெருமை இங்க யாருக்கும் இருக்காது. ஆனா அது தனியா எழுப்பல. இன்சுலினோட சேந்துதான் எழுப்புச்சு. தனியா விட்டா முடியல. அதையும் என் கண்ணால பாத்தேன். அப்புறம் நான் கொடுத்தது அளந்து பிரிச்ச தூள். நீங்க சட்டியில காய்ச்சுறதுல அது எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுவும் நான் கொடுத்தது எலிக்கு."

"அப்ப நாங்க என்ன எலியவிட மட்டமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். மறுபடி சிரிப்பு.

அப்போது பெகானி முன்னால் வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. நிலையத்தில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. "ஐயோ, மன்சினியா இது?" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்" என்றான். "நல்லாப் பாத்துக்குங்க. எல்லாரும் என் வண்டியில ஏறியிருக்கீங்க. டிரைவர் ஒருத்தன், கதவப் புடிச்சிட்டு ஆள் ஏத்துற பையன் ஒருத்தன். பையன் கெட்டிக்காரனா இருந்தா வண்டி நெறையும், டிரைவருக்கு அலுப்பு தெரியாது. சரியா? இன்சுலின்தான் டிரைவரு. உம்டோனி அந்தப் பையன். நான் என்ன பண்ணேன்? பையன் கெட்டிக்காரன்னு ரேடியோவுல கேட்டுட்டு, டிரைவர எறக்கி விட்டுட்டேன். ஸ்டியரிங்ல ஆளில்லாம வண்டி எங்க போச்சுன்னு பாத்தீங்கல்ல?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு வயதான ஆள் மட்டும் மெதுவாகத் தலையாட்டினார்.

மாகோசா பெகானியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கடைக்கு அடியிலிருந்து குளிர்பானம் வைக்கும் பெட்டியை இழுத்தாள். ஆரஞ்சு பாட்டில்களை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துப் பட்டைக் குவியலின் மேல் போட்டாள். உள்ளே இன்சுலின் ஊசிப் பேனா.

"மா, நீங்களுமா?" என்றாள் நொம்புசோ.

"சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்குவேன்."

"அப்ப பட்டை?"

"அதையும் குடிப்பேன்."

"அப்ப வாங்குறவங்ககிட்ட இதச் சொல்ல வேண்டியதுதானே!"

"எவன் கேட்டான்?" என்றாள் மாகோசா. சொன்ன உடனே அது எவ்வளவு அற்பமான பதில் என்று அவளுக்கே உறைத்தது போலிருந்தது. பெகானியின் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். "நான் ஊசிய நிறுத்துனு சொல்லி வித்ததில்லப்பா. அது மட்டும் சத்தியம். ஆனா நிறுத்தாதன்னும் சொல்லல." அட்டையை உருவி, படத்தைக் கிழியாமல் பிரித்து நொம்புசோவிடம் நீட்டினாள். "இனிமே சொல்றேன். ஊசிய விட்டவன் என் கடைப் பக்கம் வந்தான்னா வெளக்குமாத்தாலதான் அடிப்பேன். போதுமா?"

"போதும்மா."

"அந்த போட்டோவ அவகிட்ட எதுக்கு கொடுக்குற? எங்கிட்ட குடு" என்று பெகானி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளிலும் நொம்புசோ போனாள். கீழே நிலையத்தில், தேவாலய வாசலில், மருத்துவமனை வரிசையில் என்று எங்கே கூட்டமோ அங்கே நின்று பேசினாள். கண்டுபிடிப்பு பொய்யாகிவிடும் என்று ரூபன் பயந்தது நடக்கவில்லை. நடந்தது வேறு. மனிதர்களிடம் இதை எப்போது செய்து பார்ப்பீர்கள், நாங்கள் வருகிறோம் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியைத்தான் அவள் அனுமதிக் குழுவின் முன் கொண்டுபோய் வைத்தாள். குழுவினர் துருவித் துருவிக் கேட்டார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது, திருத்தி எழுதினாள். மறுபடி வந்தது, மறுபடி எழுதினாள். கடைசியில், சிறிய அளவில், பாதுகாப்பைச் சோதிப்பதற்காக மட்டும், ஒருவரும் இன்சுலினை நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. நிபந்தனையைப் படித்து அவள் சிரித்துக்கொண்டாள்.

முதலில் பெயர் கொடுக்க வந்து நின்றவன் பெகானி.

"உன்ன சேக்க முடியாதுண்ணே."

"ஏன்?"

"நீ என் அண்ணன். ரத்த சொந்தத்த சேத்தா நாளைக்கு முடிவ யாரும் நம்ப மாட்டாங்க."

"இது என்ன அநியாயம்? அப்பாவ வாரிக் கொடுத்தோம், நானே போய்ட்டு வந்தேன். எனக்கே எடமில்லையா?" ரூபனைப் பார்த்தான். "பிள்ளே, நீயாவது சொல்லுப்பா. நான் இவளுக்கு அண்ணனே இல்லன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"மூக்கப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றான் ரூபன்.

ஒரு வாரம் பெகானி தங்கையோடு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கு ஒத்துக்கொண்டவர்கள் குன்றேறி எப்படி வருவார்களோ என்று நொம்புசோ வாசலில் நின்றபோது அவனுடைய வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. உள்ளே தையற்காரர், பள்ளிக்கூடச் சமையல்காரி, மாகோசா, இன்னும் பலர். எல்லோரும் வழிநெடுகத் தோத்திரப் பாட்டு பாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"எறங்குங்க, எறங்குங்க, மெதுவா" என்று பெகானி கதவைப் பிடித்துக்கொண்டான். தங்கையைப் பார்க்காமலே சொன்னான்: "வாராவாரம் நான்தான் கொண்டாந்து விடுவேன். அதுக்கும் ரத்த சொந்தம் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"இல்லண்ணே. அப்படி எழுதல."

ஆய்வு முடிந்து கணக்கெல்லாம் தெளிவானதும், முடிவை முதலில் பெரிய மாநாட்டில் சொல்லலாம் என்றது பல்கலைக்கழகம். ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் சொல்வேன் என்றாள் நொம்புசோ. குவாமாஷு சமூகக் கூடத்தில் ஏற்பாடானது. ஒரு பக்கம் பல்கலைக்கழகப் பெரியவர்கள், மறுபக்கம் ஆய்வுக்கு வந்தவர்களும் அவர்கள் குடும்பமும். ஜபுலிலேயும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சுட்ட மகுவின்யா என்ற மாவு உருண்டைகளின் எண்ணெய் மணம் கூடம் முழுக்க.

நொம்புசோ மேடையில் நின்று, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தூளால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. இன்சுலினோடு தூளையும் எடுத்தவர்களில் பலருக்கு இதயம் முன்பைவிட இலகுவாக விரிகிறது. எல்லோருக்கும் இல்லை. ஆட்கள் குறைவு என்பதால் இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. அடுத்ததாகப் பல ஊர்களில் பெரிய ஆய்வு தொடங்கப்போகிறது. "அது இங்கருந்துதான் ஆரம்பிக்கும். உலகத்துல இதய மருத்துவம் படிக்கிறவங்க இனிமே உம்டோனிங்கற பேர சரியா உச்சரிக்கக் கத்துக்கணும்" என்று முடித்தாள்.

பின்வரிசையில் பெகானி எழுந்தான். ஆய்வகங்களிலும் கருத்தரங்குகளிலும் இத்தனை வருஷமாக, "அண்ணே, இங்கெல்லாம் சத்தம் போடக் கூடாது" என்று அவள் அடக்கி வைத்திருந்தது அன்று அடங்கவில்லை.

"சுங்கு!" என்று கூரை அதிரக் கூவினான். "மன்சினி! க்வாபினி! செங்வாயோ!"

குலத்தின் முன்னோர் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். மாகோசா சிவப்புத் துணியை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டு இடைவழியில் ஆடி வந்தாள். துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைதட்டினார். ரூபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நொம்புசோ தலை குனியவில்லை. அது தன் குலத்துக்கான அழைப்பு, நிமிர்ந்து நின்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் மூச்சு வாங்கி உட்காரும்வரை அப்படியே நின்றாள்.

சத்தம் அடங்கியபோது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "டாக்டரம்மா, அடுத்த ஆய்வுக்கு நாங்களும் வரலாமா?"

"வரலாம்மா. திங்கக்கெழம காலையில வாங்க. ஆனா ஒன்னு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கூடம் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "ஊசி போட்டுட்டுத்தான் வருவோம்!"